ஆயிரத்து நானூறுக்குக் கீழே

இருங்காட்டுக்கோட்டை
24 பிப்ரவரி 2025, திங்கள்

அண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று மத்தியானம்தான் உன்னை உன் வீட்டில் பார்த்தேன். வயிற்றில் தண்ணீர் கோத்து, கண் மஞ்சளாகி, நாற்காலியில் சாய்ந்து கிடந்தாய். அப்படியும் வாய் மட்டும் ஓயவில்லை. நான் கிளம்பிய பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டாயாம், ஜோஸ்லின் அண்ணி சொன்னார். செய்துகொள். எங்கள் கம்பெனி பஸ் தினமும் உன் தெரு முனையில் நின்றுதான் செம்பரம்பாக்கம் ஆட்களை ஏற்றுகிறது. கடிதத்தை டிரைவர் யாகப்பன் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். நீ வெளியே வந்து வாங்கும்வரை அவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். சொல்லிவைத்திருக்கிறேன்.

பெரிய டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் நீ காதில் வாங்கினாய். உனக்கு வேறு ஈரல் வைத்தாக வேண்டும். அண்ணிக்கு ரத்தம் பொருந்தவில்லை, எனக்குப் பொருந்துகிறது. ஆனால் என் ஈரலிலும் கொழுப்பு படிந்திருக்கிறது, எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால் அதில் பாதியை வெட்டி எடுக்கலாம் என்றார். முடியாது என்று அவர் சொல்லவே இல்லை. எழுபத்தெட்டு கிலோவிலிருந்து எழுபதுக்கு வர வேண்டும். மே முதல் வாரம் மறுபடி ஸ்கேன். டயட்டீசியன் அம்ருதவல்லி மேடம் ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி என்று கணக்குப் போட்டு, எந்த ஷிப்டில் எப்போது எதைச் சாப்பிட வேண்டும் என்றுகூட எழுதிக் கொடுத்திருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பாட்டுத் தட்டைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அண்ணி, ரோஸி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் இருக்கும்போது நீ என்ன சொன்னாய்? "இவளா? சின்ன வயசுலேர்ந்து ஒரு வேள வாயக் கட்டத் தெரியாது இவளுக்கு. இவ எட கொறச்சி, நான் பொழச்சி... ஆவுற கதையா இது?" அப்பா பேச்சைக் கேட்டு ரோஸி சிரித்தாள். ஏழு வயசுக் குழந்தை, அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

குறைத்துக் காட்டுகிறேன். நீ வேண்டாம் என்றாலும் காட்டுவேன்.

ஷாலின்


செம்பரம்பாக்கம்
2 மார்ச் 2025

ஷாலினுக்கு,

யாகப்பன் அண்ணன் சொன்னபடியே ஹாரன் அடித்தார். தெருவே வெளியே வந்து நின்றது. ஏற்கெனவே இந்தத் தெருவில் எனக்கு நல்ல பெயர். சொட்டுச் சாராயம் தொடாதவனுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை. சர்க்கரையும், பதினைந்து வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு ஒரகடம் முனையில் தின்ற பரோட்டாவும் சேர்ந்து செய்த வேலை என்று எத்தனை பேரிடம் விளக்குவது? போன வாரம் பூசை முடிந்து வந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமேலாவது வுட்டுடு ராசா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் ஈரல் எனக்கு வேண்டாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை நீ கையெழுத்துப் போடும் இடம்வரை மட்டும்தான் பார்த்தாய், நான் முழுதும் படித்தேன். கொடுக்கிறவருக்கும் ஆபத்து உண்டு, அபூர்வம்தான், ஆனாலும் உண்டு என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு ஒன்று ஆனால் ரோஸிக்கு நீ வேண்டும். இரண்டு பேரையும் ஒரே நாளில் ஆபரேஷன் மேஜையில் படுக்கவைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

இருபத்தொன்பது வயசாகிறது உனக்கு. வயிற்றின் குறுக்கே ஒரு சாண் தழும்போடு நீ நிற்க வேண்டாம். அந்த டயட் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டு இரு. பதில் எழுதாதே.

டெனிசன்


இருங்காட்டுக்கோட்டை
9 மார்ச் 2025

அண்ணா,

எழுதாதே என்றால் எழுதாமல் இருந்துவிடுவேன் என்று உனக்கு எப்படித் தோன்றியது?

இன்று காலை எடை எழுபத்தைந்து. இரண்டு வாரத்தில் மூன்று கிலோ போயிருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன், மேடத்திடம் மட்டும் போட்டுக்கொடுத்துவிடாதே. முதல் வாரம் அவர் சொன்ன ஆயிரத்து நானூறையும் ஒழுங்காகச் சாப்பிட்டேன். எடை மெதுவாகத்தான் இறங்கியது. அப்புறம் யோசித்தேன். ஆயிரத்து நானூறுக்கே இறங்குகிறது என்றால் எண்ணூறுக்கு இன்னும் வேகமாக இறங்குமே? அவர் சொன்னது அதற்கு மேல் போகாதே என்றுதானே? கீழே போனால் நல்லதுதானே? மே மாதம்வரை நீ தாங்க வேண்டும். நான் சீக்கிரம் தயாரானால் உனக்கு அத்தனை நாள் மிச்சம்.

அதனால் சாம்பல் புதனிலிருந்து ஒருசந்தி இருக்கிறேன். மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் பாதி. கேன்டீனில் யார் கேட்டாலும் தவக்காலம் என்று சொன்னால் போதும், மரியாதையோடு விட்டுவிடுகிறார்கள். தட்டில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பிவிடுவேன். மிச்சத்தைக் கொட்ட முடியாது. கொட்டும் தொட்டிப் பக்கத்தில் எடை மெஷினை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார், கொட்டுகிறவர் பெயரைக் கேட்டு போர்டில் எழுதிவிடுவார். நல்லவேளை, எங்கள் லைனில் இசக்கிபாண்டி என்று ஒரு திருநெல்வேலிக்காரர் இருக்கிறார். எவ்வளவு போட்டாலும் தின்பார். என் முட்டை இரண்டும் சப்பாத்தியும் போட்டோ எடுத்த மறு நிமிஷம் அவர் தட்டுக்குப் போய்விடும்.

ஒரு வேளை வாயைக் கட்டத் தெரியாதவள் எத்தனை வேளை கட்டியிருக்கிறாள் என்று எண்ணிக்கொள்.

ஷாலின்


செம்பரம்பாக்கம்
16 மார்ச் 2025

ஷாலினுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் பயமாகிவிட்டது.

நீ தினமும் செய்கிற வேலை உனக்கே மறந்துபோனதா? போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எங்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் விளக்கினாயே. உங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் இரும்பு 'பின்' அளவுக்கு மேல் தடித்திருந்தால் கவலையில்லை, திரும்ப கிரைண்டிங்குக்கு அனுப்பித் தேய்த்துக்கொள்ளலாம், அளவுக்குக் கீழே தேய்ந்து வந்துவிட்டால் கடவுளாலும் ஒன்றும் செய்ய முடியாது, நேரே கழிவு போடும் சிவப்புத் தொட்டிதான் என்றாய். பிரியாணியைப் பரிமாறவிடாமல் சொன்னாய். மற்றவர்களின் பின்னுக்கு இரண்டு பக்கமும் எல்லை வைத்துப் பார்க்கிறாய். உனக்கு மட்டும் ஒரு பக்கம்தானா?

மேடம் ஆயிரத்து நானூறு என்று எழுதினால் ஆயிரத்து நானூறு சாப்பிடு என்றுதான் பொருள். எண்ணூறு போதும் என்றால் எண்ணூறு என்று எழுத அவருக்கென்ன கை வலிக்குமா? ஒருசந்தியும் சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும்தான் கடமை. நாற்பது நாளும் இரு என்று கோயிலில் யார் உன்னிடம் கேட்டது? அதையும் போட்டோ எடுத்து ஏமாற்றிக்கொண்டு இருக்கிறாய். அதற்குச் சாமியாரிடம் போய் ஒரு பாவசங்கீர்த்தனம் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

ஈரல் வேண்டாம் என்று சொன்னதில் மாற்றமில்லை. அது வேறு, இது வேறு. சாப்பிடு.

டெனிசன்


இருங்காட்டுக்கோட்டை
23 மார்ச் 2025

அண்ணா,

பின்னும் நானும் ஒன்றா? பின்னுக்கு அண்ணன் கிடையாது.

ஈரல் வேண்டாம் என்கிறாய். வேண்டாதவனுக்கு நான் எண்ணூறு தின்றால் என்ன, எட்டு தின்றால் என்ன? எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல். நாளைக்கே ஆயிரத்து நானூறையும் தின்கிறேன். அதுவரை இந்தப் பேச்சை எடுக்காதே.

எழுபத்தொன்று அறுநூறு. இன்னும் ஒன்றரை கிலோதான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஸ்கேனை முன்னாலேயே, ஏப்ரல் நாலாம் தேதிக்கு, மாற்றிக்கொண்டேன். அம்ருதவல்லி மேடம் நம்பவே இல்லை, தட்டுப் போட்டோவை எல்லாம் திரும்பப் பார்த்தாராம்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கை கொஞ்சம் நடுங்குகிறது. குளிர வேறு செய்கிறது. என் ரூம்மேட் ப்ரீதி, "இன்னாடி இது, இந்த வெயில்ல போர்வ போத்திகினு கீற? ஜுரமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை. சந்தோஷம்தான். ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா.

ஷாலின்


செம்பரம்பாக்கம்
30 மார்ச் 2025

ஷாலின்,

வியாழக்கிழமை யாகப்பன் அண்ணன் கடிதம் இல்லாமலே ஹாரன் அடித்தார். "தம்பி, பதறாத. உன் தங்கச்சி லைன்ல மயங்கி வுயுந்துடுச்சி. மெஷின் ஓரத்துல மண்ட இட்ச்சிகிச்சி. தண்டலத்தாண்ட ஆஸ்பத்திரில சேத்துகீறாங்க" என்றார். அதே பஸ்ஸில் ஏறி வந்தேன். ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் அத்தனை பேரும் என் வயிற்றையே பார்த்தார்கள்.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நெற்றியில் நாலு தையல், கையில் டிரிப். கழுத்தெலும்பு தெரிந்தது. உன் கழுத்தெலும்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எழுப்பாமல் வந்துவிட்டேன். எழுப்பியிருந்தால் அடித்திருப்பேன்.

இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் உன்னைக் கேலி செய்தேனே, அதை வேண்டுமென்றேதான் செய்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு சொன்னேன். உனக்கு ரோஷம் வந்து, போடா நீயும் உன் ஈரலும் என்று போய்விடுவாய் என்று நினைத்தேன். உன்னை இருபத்தொன்பது வருஷமாகத் தெரிந்தவன் இப்படிக் கணக்குத் தப்பியிருக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. நீ எண்ணூறுதான் தின்கிறாய் என்று எனக்கு மார்ச் ஒன்பதாம் தேதியே தெரியும். அம்ருதவல்லி மேடத்தின் நம்பர் என் ஃபைலிலும் இருக்கிறது. ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பார். போடவில்லை. இப்படியே போனால் நீ ஸ்கேனில் தோற்றுப்போவாய், இந்தப் பேச்சு ஒரு வழியாக முடியும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. உனக்குச் 'சாப்பிடு' என்று எழுதிவிட்டு இங்கே சும்மா இருந்தேன். உன் நெற்றித் தையலில் பாதி என்னுடையது.

மன்னித்துவிடு.

டெனிசன்


இருங்காட்டுக்கோட்டை
6 ஏப்ரல் 2025

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு உன்மேல் கோபப்பட எனக்குத் தகுதி இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஸ்கேனே எடுக்கவில்லை. ரத்தத்தை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் பேப்பரை மேஜையில் போட்டார். ரத்தசோகை. ஈரல் பரிசோதனையின் எண்கள் போன தடவையைவிட ஏறியிருக்கின்றன. கரைந்ததில் பெரும்பகுதி கொழுப்பில்லை, தண்ணீரும் சதையும்தான். இந்த உடம்பில் கத்தி வைக்கமாட்டேன், ஒழுங்காகச் சாப்பிட்டு ஜூன் மாதம் வா, அப்போது பார்க்கலாம் என்றார். மே மாதமே முடிந்திருக்கும். நான் அவசரப்பட்டு அதை ஜூனுக்குத் தள்ளிவிட்டேன். உன் நாட்களை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்பியவள் ஒரு மாதத்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறேன். அந்த ஒரு மாதம் என்னுடையது இல்லை, உன்னுடையது.

அம்ருதவல்லி மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஆயிரத்து நானூறுங்கறதே கொறைச்சுத்தாம்மா போட்டிருக்கு. உன் ஒசரம், எடை, நீ நிக்கற வேலை எல்லாம் பார்த்துப் போட்டது. அதுக்கும் கீழ போகணும்னா சில பேருக்கு நாங்களே போவோம், வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்த்துண்டு. எனக்குத் தெரிஞ்சு கொறைக்கறது வேற, தெரியாம கொறைக்கறது வேற. நீ அனுப்பின போட்டோவை நம்பித்தானே நான் சரி சரின்னு போட்டுண்டிருந்தேன்?" என்றார்.

திரும்பி வந்தால் இசக்கிபாண்டி கேன்டீன் வாசலில் நிற்கிறார். "எனக்கென்னக்கா தெரியும்? நோன்புன்னு சொன்னிய. தெனமும் ரெண்டு முட்டை கெடைக்கேன்னு நானும் தின்னுட்டுக் கெடந்தேன். இப்பம் எனக்குச் சோறே எறங்க மாட்டேங்கி" என்றார். அந்த ஆளுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் எத்தனை பெரிய பாவம் செய்திருக்கிறேன் பார்.

என் கதை இவ்வளவுதான். இனி உன் கதை.

வெள்ளிக்கிழமை ஜோஸ்லின் அண்ணி உன் ஃபைலோடு அங்கே வந்திருந்தார். மேடத்தின் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "உப்பில்லாம எத்தினி தினுசா ஆக்கி வெச்சாலும் ரெண்டு வாய்க்கு மேல துன்றதில்ல ஷாலின். வயிறு ரொம்பிடுச்சின்னு எழுந்து பூடறாரு. படுக்கறப்ப குடிக்கச் சொன்ன கஞ்சிய ஜன்னலுக்கு வெளிய ஊத்திகினு கீறாரு, செடியாண்ட வெள்ளையா கீது" என்றார்.

உனக்கு எழுதிக் கொடுத்தது இரண்டாயிரம். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம், படுக்கப் போகும்போது ஒருதரம். நீ தின்பது ஆயிரம்கூட இல்லையாம். மேடம் அண்ணியிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வயத்துல தண்ணி இருக்கறதால குண்டாத் தெரியறார். தோளையும் தொடையையும் பாருங்கோ, சதையே இல்லை. இப்படியே போனா தங்கை ரெடியானாலும் இவர் ஆபரேஷனைத் தாங்கமாட்டார்."

அதுதானே உன் திட்டம்? என்னிடம் 'சாப்பிடு' என்று எழுதிய அதே நாளில் நீ கஞ்சியை ஜன்னலுக்கு வெளியே ஊற்றியிருக்கிறாய்.

போதும் அண்ணா. ஒரு ஒப்பந்தம் போடுவோம். நான் ஆயிரத்து நானூறு, நீ இரண்டாயிரம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஞாயிறுதோறும் தின்றதை எழுதித் தாள் மாற்றிக்கொள்வோம். என் தாளில் இசக்கிபாண்டி கையெழுத்துப் போடுவார். உன் தாளில் ரோஸி போடட்டும். அவளை ஏமாற்ற உனக்கு மனசு வராது.

ஈரலைப் பற்றி இப்போது பேசவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் சம்மதம் சொல்.

ஷாலின்


செம்பரம்பாக்கம்
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

ஷாலின்,

சம்மதம். சாப்பாட்டுக்கு மட்டும்.

கஞ்சி விஷயம் உண்மை. மறைத்து என்ன ஆகப் போகிறது? நான் ஆபரேஷன் மேஜைவரை வர முடியாத நிலைக்குப் போய்விட்டால் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று நினைத்தேன். வயிறும் உண்மையிலேயே நிரம்பினாற்போல்தான் இருக்கிறது, அது ஒரு சாக்கு. ஜோஸ்லின் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் முன்னால் வைக்கிறாள், சத்தமாக வைக்கிறாள்.

ரோஸி இந்த வேலையை ரொம்பப் பொறுப்பாக எடுத்துக்கொண்டுவிட்டாள். அவள் டீச்சர் கொடுத்த ஸ்டாரை எல்லாம் சேர்த்து வைத்திருந்தாளே, அதைத் தாளில் ஒட்டுகிறாள். பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்தால் பாதி ஸ்டாரைக் கிழித்து ஒட்டுகிறாள். நேற்று உப்பில்லாத சுண்டலை நான் வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "முழுங்கிட்டு ஆ காட்டுப்பா" என்றாள். காட்டினேன்.

உப்பில்லாத ரசத்தை நீ குடித்துப் பார்த்ததில்லை. அதைப் பற்றி எழுதவும் எனக்கு இஷ்டமில்லை. தாளை இணைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் ஆயிரத்து எழுநூறு. மற்ற நாளெல்லாம் இரண்டாயிரம். பொய்யில்லை.

டெனிசன்


இருங்காட்டுக்கோட்டை
11 மே 2025

அண்ணா,

நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று யாகப்பன் அண்ணன் சொன்னதும்தான் பேனாவை எடுத்தேன். ஐசியுவில் நீ படுத்திருந்த ஆறு நாளும் உனக்கு என்ன நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டாம் தேதி ரத்தமாக வாந்தி எடுத்தாய். அண்ணி போன் செய்தபோது அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. லைனை விட்டு அப்படியே ஓடி வந்தேன்.

அங்கே நடந்த ஒன்றை நான்தான் சொல்ல வேண்டும். மத்தியானம் ஒரு மணி. நீ உள்ளே. அண்ணி ஜெபமாலையோடு தரையில் உட்கார்ந்திருந்தார், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாசலில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் இருந்தார்கள். என் பையில் காலையில் ப்ரீதி கட்டிக்கொடுத்த டப்பா இருந்தது. இரண்டு முட்டை, இரண்டு சப்பாத்தி, பயறு. கூடப்பிறந்தவன் உள்ளே கிடக்கும்போது டப்பாவைத் திறக்க யாருக்காவது கை வருமா? மூடி வைத்துவிடலாம், ஒரு நாள்தானே என்று நினைத்தேன். போன தடவையும் ஒரு நாளில்தான் ஆரம்பித்தேன்.

திறந்தேன். எதிரில் இருந்த ஒரு அம்மா, "இன்னா பொண்ணுமா இது, அண்ணங்காரன் உசுருக்குப் போராடிகினு கீறான், இது குந்திகினு முட்ட துன்னுது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். நான் அழுதுகொண்டே தின்றேன். இரண்டு முட்டை, இரண்டு சப்பாத்தி, பயறு முழுதும். பட்டினி கிடந்த நாளெல்லாம் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை அண்ணா. அந்த ஒரு டப்பாவைத் தின்று முடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசிப் பயறோடு அண்ணியையும் எழுப்பி இரண்டு பிஸ்கட்டாவது தின்னவைத்தேன்.

நீ பிழைத்து வந்ததற்கு, அதற்கு முந்தின மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு உடம்பில் கொஞ்சம் தெம்பு இருந்ததும் ஒரு காரணம் என்றார் மேடம். என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னாரோ என்னவோ, நான் நம்பிக்கொண்டேன்.

ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் என் எடை எழுபத்து மூன்றுக்கு ஏறிவிட்டது, இப்போது எழுபத்தொன்று இருநூறு. வாரத்துக்கு அரைக் கிலோதான் இறங்குகிறது. தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். சில வாரம் முள் அசைவதே இல்லை. பசித்துக் கிடப்பது எனக்குச் சுலபமாக வந்தது. இப்படி மெதுவாகப் போவதற்குத்தான் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. கடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தாளை இந்த வாரத்திலிருந்து மறுபடி அனுப்பு.

ஷாலின்


இருங்காட்டுக்கோட்டை
6 ஜூன் 2025

அண்ணா,

ஸ்கேன் முடிந்தது. அறுபத்தொன்பது எண்ணூறு. ஈரல் கொழுப்பு அவர்கள் கேட்ட அளவுக்கு இறங்கிவிட்டது. ரத்தம் சரி. எல்லாம் சரி. டாக்டர் என் பேப்பரில் பச்சை மையில் டிக் போட்டார்.

என் பக்கத்து வேலை முடிந்தது. புதன்கிழமை, உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கும் கமிட்டிக்காரர்கள் நம் இரண்டு பேரையும் தனித்தனியாக அழைத்துக் கேட்பார்கள். நீ வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. கட்டாயப்படுத்தினார்களா என்று என்னிடம் கேட்பார்கள், உன்னிடமும் கேட்பார்கள். இனி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசினால் அது கட்டாயமாகிவிடும்.

ஷாலின்


செம்பரம்பாக்கம்
8 ஜூன் 2025

ஷாலின்,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

நான் உனக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதற்கு உன் உயிர் ஒரு காரணம். அது பொய்யில்லை. இன்னும் பயம்தான், புதன்கிழமை வரை இருக்கும், அதற்குப் பிறகும் இருக்கும். ஆனால் அது பாதிக் காரணம். மீதிப் பாதியை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா போனதிலிருந்து வீட்டில் கொடுக்கிறவனாகவே இருந்துவிட்டேன். உன்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்கூட அதட்டித்தான் கேட்டிருக்கிறேன். கொடு என்று உன் முன்னால் கையை நீட்டுவதற்குப் பதில் செத்துப்போவது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. எவ்வளவு மட்டமான புத்தி பார்.

ஐசியு வாசலில் நீ அழுதுகொண்டே தின்றதை அன்றைக்கே ஜோஸ்லின் எனக்குச் சொல்லிவிட்டாள். அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், தூங்கவில்லை. இந்தப் பெண் இத்தனை பேர் பேச்சையும் வாங்கிக்கொண்டு ஒரு டப்பாவைக் காலி செய்கிறாள், நான் ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கிடக்கிறேன் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஒரு மாதமாக அந்த வார்த்தை தொண்டையிலேயே நிற்கிறது.

கமிட்டி முன்னால் முதல் தடவையாக அதைச் சொல்லி, நீ வேறு அறையில் இருந்து கேட்காமல் போய்விடக் கூடாது. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எனக்குச் சாக விருப்பமில்லை, ஷாலின். ரோஸி பெரியவளாவதைப் பார்க்க வேண்டும். ஜோஸ்லினோடு இன்னும் நிறைய நாள் சண்டை போட வேண்டும். உன் ஈரலில் பாதி எனக்கு வேண்டும்.

கொடும்மா.

டெனிசன்